நகரத்துக்கு நடந்த சிகிச்சை

1891-ம் வருஷத்து ஜனக்கணக்கில், பேட்டையும் தண்டும் சேர்ந்த பெங்களூரின் ஜனத்தொகை 1,80,366 என்று காண்கிறது; பத்து வருஷம் கழித்து எடுத்த கணக்கிலோ அது 1,59,046 ஆகக் குறைந்திருக்கிறது. இடையில் அந்த ஊர்மேல் படையெடுத்து வந்தவர் எவரும் இல்லை. ரயில் பாதைகள் நாலு திசையும் நீண்டு, ஆலைகள் தோன்றி, ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீரும் வந்து சேர்ந்திருந்த அந்தப் பத்தாண்டில், வளர்ந்திருக்க வேண்டிய நகரம் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களை இழந்து நின்றது என்றால், அதற்குக் காரணம் பிளேக் என்ற மகாமாரிதான். நோயில் மாண்டவர்களும், அதற்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடித் திரும்பி வராதவர்களும் சேர்ந்த நஷ்டக் கணக்கு அது.

அந்தக் காலத்துப் பெங்களூர், ஒரு பெயருக்குள் அடங்கிய இரண்டு ஊர்கள் என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். கோட்டையையும் பேட்டையையும் சுற்றிய மேற்குப் பாகம் மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. அல்சூர் ஏரியை ஒட்டிய கிழக்குப் பாகமாகிய தண்டு (கண்டோன்மெண்ட்), ஆங்கில ரெஸிடெண்டின் அதிகாரத்தில் இருந்தது. தண்டில் வாழ்ந்தவர்களில் மிகப் பலர் தமிழர். பட்டாளத்தைத் தொடர்ந்து வந்த வணிகர், குத்தகைதாரர், கொத்தர், வண்டிக்காரர், சமையற்காரர் என்று, துரைமாரின் பங்களாக்களுக்குப் பின்னால் நெருக்கமான சந்துகளில் குடியேறிய குடும்பங்கள் அவை. நோய்க்கு எல்லைக்கோடு ஏது? ஆனால் நோயைத் தடுக்க வந்த உத்தரவுகளுக்கு எல்லைக்கோடு இருந்தது. பேட்டைக்கு ஒரு நிர்வாகம், தண்டுக்கு வேறு நிர்வாகம்.

1896-ம் வருஷம் செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அக்காசியோ வீகாஸ் முதன்முதலில் இனம்கண்ட அந்நோய், ரயில் போன வழியெல்லாம் தானும் போய், ஹூப்ளி, தார்வாரைத் தாண்டி, 1898 ஆகஸ்டு மத்தியில் பெங்களூரை அடைந்தது. வடக்கேயிருந்து ரயிலில் வந்திறங்கிய ஒரு ரயில்வே அதிகாரியின் பணியாளே முதல் நோயாளி என்று அக்காலத்து வரலாறு கூறும். சில வாரங்களுக்குள் பேட்டையின் தானியக் கிடங்குகளில் எலிகள் செத்து விழலாயின. எலி விழுந்த வீட்டில் மனிதர் விழுவதற்கு அதிக நாள் செல்லவில்லை.

அப்போது திவானாக இருந்தவர் பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்த சர் கே. சேஷாத்ரி ஐயர்; பிளேக் கமிஷனராக நியமனம் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த வி. பி. மாதவ ராவ், பிற்காலத்தில் திருவாங்கூர், மைசூர், பரோடா என்று மூன்று சமஸ்தானங்களுக்குத் திவானாக விளங்கியவர். சொந்தச் சமஸ்தானமாகிய திருவாங்கூரில் ஜாதியின் பேரால் உத்தியோகம் மறுக்கப்பட்டு, மைசூர் ராஜ்யத்தின் வைத்தியப் பணியில் வந்து சேர்ந்திருந்த டாக்டர் பல்புவும் இந்தப் பிளேக் முகாம்களில் பணி செய்தவர்களில் ஒருவர். ஓர் ஊரின் தீண்டாமையால் விரட்டப்பட்ட வைத்தியர், எவரும் தீண்ட அஞ்சிய நோயாளிகளிடையே மற்றோர் ஊரில் நின்று பணிபுரிந்தார் என்ற இந்தச் செய்தி, அவரைப் பற்றிய புகழுரைகளில் இன்னும் சற்று அழுத்திச் சொல்லத் தக்கது என்பது என் அபிப்பிராயம்.

அதிகாரிகள் செய்த காரியங்கள் பலதிறத்தன. ரயிலடிகளில் பிரயாணிகளை இறக்கிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டியிருக்கிறதா என்று சோதித்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களை முகாம்களில் நிறுத்திவைத்தார்கள். நோய் கண்ட வீட்டின் ஓடுகளைப் பிரித்து வெயில் விழச் செய்து, சவ்வீரக் கரைசல் தெளித்து, சுண்ணாம்பு அடித்து, சிலவற்றை இடித்தே போட்டார்கள். நோயாளியைப் பிரித்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அவனோடு பழகியவர்களை வேறொரு கொட்டகைக்கு அனுப்பினார்கள். அன்னியர் வீட்டுக்குள் புகுவதையும், பெண்டிரைத் தொட்டுச் சோதிப்பதையும் ஜனங்கள் எவ்வாறு பொறுப்பார்கள்? பூனாவில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் சுடப்பட்டது 1897 ஜூன் 22-ந் தேதி இரவு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் 1898-ல் கலகமே மூண்டது. விக்டோரியா ராணியாரின் அறுபதாண்டு ஆட்சிக் கொண்டாட்டத்தை முன்னிட்டு, பூனாவில் துப்பாக்கி வெடித்த அதே ஜூன் 22-ந் தேதிதான், பெங்களூரில் மைசூர் மகாராணி ரீஜெண்ட் ஒரு புதிய ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்த விக்டோரியா ஆஸ்பத்திரியை 1900 டிசம்பர் 8-ந் தேதி கர்சன் பிரபு திறந்துவைத்தார். அதற்குள் பிளேக் ஊருக்குள் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இத்தனை தடபுடல்களுக்கும் இடையே, நோய் எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் யெர்ஸின் கண்டுவிட்டார். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே அதை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்பதை 1898 ஜூன் மாதம் கராச்சியில் ஸிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் சோதனையால் காட்டியும் விட்டார். ஆனால் அவர் பேச்சை உலகம் ஏற்றுக்கொள்ள ஏழெட்டு வருஷங்கள் பிடித்தன. விஞ்ஞானிகள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, எலி செத்து விழுந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல்வெளியில் ஓலைக்கொட்டகை போட்டு வாழப் போன குடியானவன், தெள்ளுப்பூச்சியின் பெயரே அறியாமல் தெள்ளுப்பூச்சியிடமிருந்து தப்பினான். யூ. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவலில் அக்ரகாரத்து எலிகள் சாகும் பகுதியைப் படித்தவர்கள், அந்த அச்சம் கன்னட நாட்டின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை உணர்வார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களும் பெங்களூரில் பிளேக் அம்மன் சந்நிதிகளும் எழுந்தது இந்த அச்சத்தினால்தான்.

பெங்களூரின் வரலாற்றை எழுதுவோர் பிளேக்கைப் பற்றிச் சொல்லும்போது, பெரும்பாலும் அதனால் விளைந்த நன்மைகளையே சொல்லி முடித்துவிடுகிறார்கள். மல்லேசுவரத்துக்கும் பசவனகுடிக்கும் திட்டம் முன்னமே வகுக்கப்பட்டிருந்தாலும், ஜனங்கள் அங்கே மனையெடுத்துக் குடியேற விரைந்தது பேட்டையில் நோய் வந்த பிறகுதான். தண்டுப் பக்கத்திலோ, பிளாக்பள்ளியின் நெருக்கடியைத் தணிக்க 1906-ல் கால்கோள் செய்யப்பட்ட பிரேஸர் டவுன், எலி புகாத வீடுகளைக் கொண்ட நகரமாகவே கற்பனை செய்யப்பட்டது. அதற்குப் பெயர் தந்தவர் ரெஸிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேஸர்; கணக்குப் போட்டவர் முனிசிபல் இஞ்சினியர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். எலி வளை தோண்ட முடியாத தளம், காற்றும் வெளிச்சமும் வரும் அறைகள், முதுகோடு முதுகு ஒட்டாத வீடுகள் என்று அவர் வகுத்த விதிகளைத் தனிப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். இவையெல்லாம் மெய்யே, இவற்றால் உயிர்கள் காக்கப்பட்டதும் மெய்யே. ஆயினும் இவை நகரத்துக்குச் செய்த சிகிச்சை. நோயாளிக்குச் செய்த சிகிச்சை யாது என்று கேட்டால், வரலாறு சற்றே தயங்குகிறது.

பிளேக் கொட்டகையில் கிடந்தவனுக்கு நேர்ந்ததை இன்றைய வைத்திய அறிவைக் கொண்டு விளக்கலாம். நெறிகட்டியதோடு நின்றால் பாதிப்பேருக்குச் சற்று மேல் இறந்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்து பெருகிவிட்டாலோ, பிழைத்தவர் அநேகமாக இல்லை. ரத்தம் நஞ்சாகும் அந்நிலையில், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய தேகம், தன்னைத் தானே காக்க முடியாத அளவுக்குத் தடுமாறிப்போகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர்கள் கசியத் தொடங்கி, உள்ளிருக்கவேண்டிய நீர் திசுக்களில் போய்த் தேங்குகிறது. இருதயம் எவ்வளவு விரைந்து அடித்தும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. சிறுநீர் நின்று, புத்தி மயங்கி, ரத்தம் நுண்ணிய குழாய்களுக்குள்ளேயே உறைந்து, விரல் நுனிகள் கறுக்கின்றன. நோயாளி குடித்தவன்போல் தள்ளாடுவதையும், பேச்சுக் குழறுவதையும், கைநாடி நூலாக மெலிந்து மறைவதையும் அன்றைய வைத்தியர்கள் துல்லியமாகவே எழுதிவைத்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் ‘செப்டிக் ஷாக்’ என்று வழங்கும் நிலை இதுவே. பிளேக்கில்தான் என்றில்லை, பிரசவத்துக்குப் பின் வரும் ஜுரம், சீழ்ப்புண், நிமோனியா, சிறுநீர்த்தாரை நோய் என்று எத்தனையோ வாயில்களின் வழியே மனிதன் இந்த ஓர் அறைக்குள் வந்து விழுகிறான்.

கொட்டகை வைத்தியரின் கையில் இருந்தவை என்ன? பிராந்தி, அம்மோனியா, கற்பூரம், ஸ்டிரிக்னைன், டிஜிடாலிஸ், தலைக்குப் பனிக்கட்டி, நெறிக்கு ஒத்தடம். யெர்ஸினே 1897-ல் தம் ஸீரத்துடன் பம்பாய்க்கு வந்து முயன்றும் பெரும் பலன் கிட்டவில்லை. அதே வருஷம் ஜனவரியில் ஹாஃப்கின் தம் உடம்பிலேயே குத்திப் பார்த்துக்கொண்ட தடுப்பு ஊசி, ஹூப்ளி போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்க்குப் போடப்பட்டு உயிர் காத்தது. ஆனால் அது நோய் வருமுன் காப்பதே அன்றி, வந்தபின் தீர்ப்பதன்று. விழுந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும் கருவிகூடக் கொட்டகை வைத்தியரிடம் இல்லை. இத்தாலியில் ரிவா-ரோச்சி கைப்பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் முறையை அறிவித்தது 1896-ல். ரஷ்யாவில் கோரோட்காப் காதால் கேட்டு அளக்கும் வழி சொன்னது 1905-ல். நாடியைத் தொட்ட விரல் ஒன்றே அன்று அளவுகோல்.

இங்கே வியப்புக்குரிய ஒரு செய்தி. இவ்வகை வீழ்ச்சிக்கு இன்று முதற்சிகிச்சையாகக் கொள்ளப்படும் காரியம், கிருமி என்ற சொல்லே வைத்தியத்தில் வேரூன்றாத 1832-லேயே செய்யப்பட்டிருந்தது. காலரா இங்கிலாந்தை அடைந்தபோது, இருபத்திரண்டு வயது இளைஞராகிய வில்லியம் ஓஷாநஸி நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குன்றியிருப்பதைக் கண்டு, இழந்ததை ரத்தத்துக்கே திருப்பித் தரவேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் வெள்ளிக்குழாயைச் செருகி உப்புநீரைச் செலுத்தினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன. மறைந்திருந்த நாடி திரும்பியது. அம்மூதாட்டி தமக்குச் சுகமாகிவிட்டதென்றே சொன்னார். லாட்டாவும் அங்கிருந்த வைத்தியரின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். பேதி திரும்பியது; நீரை மறுபடி செலுத்த எவரும் முற்படவில்லை; ஐந்தரை மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. லாட்டா அடுத்த வருஷமே காலமானார். அவருடைய முறையும் அவருடன் ஏறக்குறையப் புதைந்தது. ஓஷாநஸியோ 1833-ல் கல்கத்தாவுக்கு வந்து, ரசாயன ஆசிரியராகி, பின்னர் வைத்தியத்தை விட்டுவிட்டு இந்தியா முழுவதும் தந்திக் கம்பி இழுத்த மகானாக அறியப்பட்டார். பிளேக் எந்த ஊரை எட்டியது என்ற செய்தி சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் பறந்தது அவர் போட்ட வழியில்தான். அவர் வாலிபத்தில் எழுதிய யோசனை மட்டும் பிளேக் கொட்டகைக்கு வந்து சேரவில்லை.

உப்புநீர் ஒன்றே அந்த நோயாளிகளைக் காத்திருக்கும் என்று சொல்வது மிகையாகும். காலராவில் நீர் போவதே நோய். நீரைக் கொடுத்தால் போதும். கல்கத்தாவில் லியனார்டு ராஜர்ஸ் இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில வருஷங்களுக்குப் பின் இதைப் புதுப்பித்து, காலரா மரணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். ஆனால் கிருமி ரத்தத்திலேயே குடியிருக்கும் பிளேக்கில், கிருமியைக் கொல்லும் மருந்தில்லாமல் நீரை ஊற்றுவது, ஓட்டைக் குடத்தை நிரப்புவதுபோல்தான் முடிந்திருக்கும். கிருமியைக் கொல்வது, விழும் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது, இரண்டும் நடந்துகொண்டிருக்கையில் நோயாளியை விட்டு அகலாதிருப்பது ஆகிய மூன்றும் ஒரே படுக்கையண்டை கூடவேண்டும். அவை கூடுவதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மூன்றாவதாகச் சொன்னதே பெங்களூரில் முதலில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1868-ல் திறக்கப்பட்ட பௌரிங் ஆஸ்பத்திரி, பாரிஸின் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியைப் பின்பற்றி, தனித்தனி வார்டுகளுக்கிடையே காற்று உலாவும்படி கட்டப்பட்டது. கெட்ட காற்றே புண் அழுகக் காரணம் என்ற பிழையான சித்தாந்தத்தின் மேல் எழுந்த நல்ல கட்டடம் அது. லிஸ்டர் தம் கிருமிநாசினி முறையை வெளியிட்டது அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான். 1886-ல் குட் ஷெப்பர்டு கன்னியர் நிறுவிய செயின்ட் மார்த்தா ஆஸ்பத்திரியில், படுக்கையருகே இரவு பகல் காவலிருக்கும் ஊழியம் ஒரு விரதமாகவே நடந்தது. மருந்தில்லாத காலத்தில் அந்தக் காவலால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதற்குக் கணக்கெழுதி வைத்தவர் இல்லை.

கிருமியைக் கொல்லும் மருந்து நம் நாட்டு விஞ்ஞானி ஒருவரின் முயற்சியோடு வந்தது. பம்பாய் ஹாஃப்கின் ஸ்தாபனத்தின் தலைவரான சாஹிப் சிங் சோக்கே, சல்பா மருந்துகளைப் பிளேக்கின் மேல் பரீட்சித்து நல்ல பலன் கண்டார். 1940-களின் பிற்பகுதியில் ஸ்டிரெப்டோமைசினும் வந்து சேர, பிளேக் நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கலாயினர். ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து அழுத்தத்தை நிறுத்தும் நாரட்ரினலின், உடலின் நரம்புகளிலேயே சுரப்பதை ஸ்வீடனின் உல்ப் ஃபான் யூலர் 1946-ல் காட்டினார். விக்டோரியா ஆஸ்பத்திரியோடு இணைந்த பெங்களூர் மெடிக்கல் காலேஜ் 1955-லும், செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ் 1963-லும் தோன்றிய பின், மூன்றையும் ஒருங்கே கற்ற வைத்தியர்கள் இந்நகரிலேயே உருவாயினர். 1981-ல் கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை ஸ்தாபனம் இங்கேயே அமைந்தது. பனிக்கட்டியும் பிராந்தியும் கொண்டு மன்றாடிய நகரம், அந்த மருந்துகளைத் தானே தயாரித்து வெளியூருக்கு அனுப்பும் நகரமாயிற்று.

இன்று ஐ.சி.யூ. என்று எல்லோரும் சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பது, லாட்டாவின் காரியத்தை விடாது தொடர்வதே. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தைக் கிருமிப் பரிசோதனைக்கு எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக்கைத் தொடங்குகிறார்கள். உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 30 மில்லி வீதம் உப்புநீரை முதல் மூன்று மணிக்குள் ஏற்றுகிறார்கள். சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே இறங்காமல் நாரட்ரினலினைக் கொண்டு தாங்குகிறார்கள். சிறுநீரையும் ரத்தத்திலுள்ள லாக்டேட்டையும் அளந்து அளந்து பார்க்கிறார்கள். அழுத்தம் விழுந்தபின் மருந்து தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு எட்டு சதவீதம் குறைந்ததாகக் கனடாவில் ஆனந்த் குமாரும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறிற்று. டெட்ராய்ட் நகரில் 2001-ல் இம்மானுவேல் ரிவர்ஸ் முதல் ஆறு மணி நேரத்துக்கு வகுத்த கடுமையான விதிமுறை, மரணத்தை 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைத்தது. 2014, 2015-ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் அதைப் பெரிய அளவில் பரிசோதித்தபோது, விசேஷ விதிக்கும் சாதாரணச் சிகிச்சைக்கும் பேதம் காணவில்லை; அதற்குள் சாதாரணச் சிகிச்சையே அவ்வளவு விழிப்புள்ளதாகிவிட்டது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். உப்புநீரும் எங்கும் அமிர்தமன்று. கென்யா, உகாண்டா, தான்ஸானியா நாடுகளில் 3,141 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளே அதிகமாக இறந்தார்கள். ஏற்றுவதைவிட, ஏற்றியபின் என்ன நேர்கிறதென்று அருகிலிருந்து பார்ப்பது கடினமான வேலை. பத்துப் படுக்கைக்கு ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் அது நடவாது.

பிளேக் பெங்களூரை விட்டுப் போய்விட்டதா என்றால், ஊரை விட்டுப் போயிற்று. அதன் சுற்றுவட்டாரத்தை விட்டு வெகு காலம் போகவில்லை. ஹோசூர், கோலார், சித்தூர் பக்கமாக மூன்று ராஜ்யங்கள் சந்திக்கும் பாறைக்காட்டு வெளியில், காட்டெலிகளிடையே அக்கிருமி தங்கியிருந்தது. 1994-ல் மகாராஷ்டிரத்திலும் சூரத்திலும் மறுபடி தலைகாட்டும்வரை, இந்தியாவின் கடைசி மனிதப் பிளேக் நோயாளிகள் 1966-ல் கண்டதும் கோலார் ஜில்லாவில்தான். இந்த வெளியைக் கண்காணிப்பதற்காக மத்திய சர்க்கார் பெங்களூரில் ஒரு பிளேக் கண்காணிப்புப் பிரிவை ஏற்படுத்தியது. அதன் ஊழியர்கள் முச்சந்தி ஜில்லாக்களின் கிராமங்களுக்குப் போய், எலிப்பொறி வைத்து, அகப்பட்டவற்றின் தெள்ளுப்பூச்சிகளைச் சீவி எண்ணி, ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுவருவார்கள். கிராமத்தில் எங்காவது எலி காரணமில்லாமல் செத்து விழுந்ததா என்றும் அவர்கள் விசாரிப்பதுண்டு.